ஏழு நாள் தங்கிப் பார்த்தால் போதுமா? கோவை மூத்தோர் குடியிருப்பும் சோதனைத் தங்கலும்

நங்கநல்லூர் வாசகர் | 3 ஜூன் 2025, காலை 10.40

எனக்கு 71, வீட்டம்மாவுக்கு 67. கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு மூத்தோர் குடியிருப்பில் பேசி வைத்திருக்கிறோம். ஏழு நாள் தங்கிப் பாருங்கள், பிடித்தால் முன்பணம் கொடுங்கள் என்கிறார்கள். டிசம்பர் கடைசியில் போகலாமென்று யோசனை. ஏழு நாள் போதுமா? போனால் என்னென்ன பார்க்க வேண்டும்? "எல்லாம் சூப்பரா இருக்கும் சார்" என்ற பதில் வேண்டாம். அதை விற்பனைக்காரரே சொல்லிவிட்டார்.

கணக்குப்பிள்ளை | 3 ஜூன், காலை 11.25

டிசம்பரில் போகாதீர்கள். மார்கழியில் பார்த்தால் கோவையில் எந்தத் தெருவும் ஊட்டி மாதிரிதான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிப்பது ஜூனிலிருந்து. ஆடியில் கதவு டமால் டமால் என்று சாத்தும், பால்கனியில் துணி நிற்காது, ஜன்னல் இடுக்கில் புழுதி ஏறும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்தக் காற்றுதான் சோதனை. இல்லையென்றால் ஏப்ரல் வெயில். ஆண்டின் மோசமான மாதத்தில் தாங்கினால் மற்ற மாதங்கள் தானாகத் தாங்கும்.

ஏழு நாளும் போதாது. முதல் மூன்று நாள் நீங்கள் விருந்தாளி. மேனேஜர் வந்து விசாரிப்பார், சமையல்காரர் கூட ஒரு கரண்டி நெய் விடுவார். நாலாம் நாள்தான் குழாயில் தண்ணீர் மெலிந்து வருவது கண்ணில் படும். பதினைந்து நாளாவது கேளுங்கள்.

இஞ்சி மொரப்பா | 3 ஜூன், மதியம் 1.10

பதினைந்துக்கு இன்னொரு காரணம் மெனு. சில இடங்களில் ஏழு நாள் சுற்று, சில இடங்களில் பதினாலு. பதினாலு நாள் சுற்றாக இருந்தால் ஏழு நாளில் பாதிதான் சாப்பிட்டிருப்பீர்கள். போவதற்கு முன்பே மெனு தாளை வாட்ஸாப்பில் வாங்கிவிடுங்கள். தாளில் "காய்கறிக் கூட்டு" என்று மட்டும் போட்டிருந்தால் என்ன காய் என்று கேளுங்கள். சுரைக்காய்க்கும் சௌசௌவுக்கும் பீர்க்கங்காய்க்கும் ஒரே பெயர்தான் அது.

நைட் டியூட்டி | 3 ஜூன், இரவு 11.50

சாப்பாடு, காற்று எல்லாம் சரி. யாரும் ராத்திரியைப் பற்றிப் பேசவில்லை.

பகலில் "24 மணி நேர நர்ஸ்" என்று காட்டுவார்கள். ராத்திரி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தவரா, ஏ.என்.எம்.மா (துணை நர்ஸ்), இல்லை வெறும் அட்டெண்டரா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு. பிறகு ஆக்சிஜன் சிலிண்டரைப் பாருங்கள். அது இருப்பது மட்டும் போதாது. வால்வு திறக்கும் சாவி சிலிண்டரோடு சங்கிலியில் கட்டியிருக்க வேண்டும். சாவி ஆபீஸ் டிராயரில், டிராயர் சாவி மேனேஜர் வீட்டில் என்றால் அந்த சிலிண்டர் ஷோகேஸ் பொம்மை. சாவி போட்டுத் திறந்து மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 5 மணி நேரம். முள் சிவப்புக் கட்டத்தில் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரைகூட நிச்சயமில்லை.

டேப்பும் பென்சிலும் | 4 ஜூன், காலை 7.15

அளக்கும் டேப் ஒன்று எடுத்துப் போங்கள். ஐந்து இடம் அளந்தால் போதும்.

பாத்ரூம் கதவு: திறந்தபின் உள்ளே கிடைக்கும் இடைவெளி 90 செ.மீ. இருக்க வேண்டும். சுவருக்குச் சுவர் அளந்து சொல்லிவிடுவார்கள், ஏமாறாதீர்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே தாழ்ப்பாள்.

கம்மோடு: உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. சாதாரண கம்மோடு 40 பக்கம்தான் இருக்கும், முழங்கால் வலிக்காரருக்கு எழுந்திருப்பது கஷ்டம்.

கைப்பிடிக் கம்பி: டவல் ராடைப் பொருத்திவிட்டு கிராப் பார் என்பார்கள். உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். கழன்றால் உங்களுக்கு லாபம், அவர்களுக்கு ஒரு ஸ்க்ரூ.

சாய்தளம்: 1:12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஐந்தடியில் முடித்திருந்தால் அது சக்கர நாற்காலிக்காக இல்லை, சட்டத்துக்காகப் போட்டது.

லிஃப்ட்: உள் ஆழத்தை அளங்கள். ஸ்ட்ரெச்சர் ஆறடிக்கு மேல். எட்டுப் பேர் லிஃப்டில் படுக்கவைத்து இறக்க முடியாது, நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்குவார்கள். மாடி வீடு எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

இஞ்சி மொரப்பா | 4 ஜூன், காலை 8.02

கம்பியில் தொங்கிப் பார்ப்பதற்கு முன் வீட்டம்மாவை வெளியே அனுப்பிவிடுங்கள் சார்.

நைட் டியூட்டி | 4 ஜூன், இரவு 11.30

கம்பியோடு அவசரக் கயிறையும் பாருங்கள். பாத்ரூமில் இழுக்கும் சிவப்புக் கயிறு தொங்கும். விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட வேண்டியது அது, ஆகவே நுனி தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். புதிதாகக் கட்டிக்கொடுக்கும்போது அப்படித்தான் இருக்கும். மாப் போடும்போது நனைகிறது, சிக்குகிறது என்று துப்புரவு செய்பவர்கள் சுருட்டி முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிவிடுவார்கள். ஆறு மாதத்தில் பாதி அறையில் கயிறு இடுப்பு உயரத்தில் நிற்கும். உங்கள் அறையில் மட்டும் பார்க்காதீர்கள், சோதனை அறையில் ஒழுங்காகத்தான் இருக்கும். நாலு வருஷமாகக் குடியிருப்பவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போகும்போது கை கழுவுகிற சாக்கில் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு தடவை இழுத்தும் பாருங்கள். ராத்திரி இரண்டரைக்கு.

கணக்குப்பிள்ளை | 5 ஜூன், காலை 9.20

இரண்டரை மணிக்கு பொய்யாக எழுப்புவது நியாயமா? ஒருவர் இங்கே ஓடிவரும் நேரத்தில் வேறொருவர் நிஜமாக விழுந்திருந்தால்?

நைட் டியூட்டி | 5 ஜூன், மதியம் 12.05

நியாயமான கேள்வி. திருத்திக்கொள்கிறேன். "இந்தப் பதினைந்து நாளில் ஒரு ராத்திரி சோதித்துப் பார்ப்பேன், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன்" என்று மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆள் வந்ததும் சோதனை என்று உடனே சொல்லி அனுப்பிவிடுங்கள். நல்ல இடமென்றால் சம்மதிப்பார்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். கயிறு இழுத்த நேரம், கதவு தட்டிய நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்தாழ் போட்ட கதவை எப்படித் திறந்தார்கள் என்பது அதைவிட முக்கியம். மாஸ்டர் சாவி இருந்தாலும் உள்ளே டவர் போல்ட் போட்டிருந்தால் உடைக்கத்தான் வேண்டும்.

நங்கநல்லூர் வாசகர் | 5 ஜூன், மாலை 6.45

குறித்துக்கொண்டேன். ஆடியில் பதினைந்து நாள் கேட்டிருக்கிறேன், சம்மதித்தார்கள். சிறுவாணித் தண்ணீர் என்கிறார்கள், அதில் ஏதும் கேட்க வேண்டுமா? பராமரிப்புக் கட்டணம் மாதம் 9,000, "பிளஸ் ஜி.எஸ்.டி." ஏழாயிரத்து ஐந்நூறு வரை வரி இல்லை என்று கேள்விப்பட்டேனே?

கணக்குப்பிள்ளை | 5 ஜூன், இரவு 8.30

அந்த விலக்கு குடியிருப்போர் சங்கத்துக்கு. சங்கம் தன் உறுப்பினர்களிடம் வாங்கினால் மாதம் 7,500 வரை வரி இல்லை. தாண்டினால், சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால், 18 சதவீதம். மத்திய நிதியமைச்சகத்தின் 2019 சுற்றறிக்கை முழுத் தொகைக்கும் வரி என்றது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூடுதல் தொகைக்கு மட்டும் என்றது. 9,000-க்கு முதல் கணக்கில் 1,620 ரூபாய், இரண்டாம் கணக்கில் 270.

உங்கள் இடத்தில் பில் போடுவது யார்? சங்கமா, நடத்தும் கம்பெனியா? கம்பெனி என்றால் இந்த விலக்கே கிடையாது. 6,000 வாங்கினாலும் 1,080 வரி. சோதனைத் தங்கலின்போது பழைய குடியிருப்பாளர் ஒருவரின் மாத பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளம்பரத் தாளில் இல்லாத செலவுகள் அதில் இருக்கும்: மருத்துவ உதவி, டிபன் கேரியர் அறைக்கு அனுப்பக் கட்டணம், ஜெனரேட்டர் யூனிட். ஐந்து வருஷத்துக்கு முந்தைய பில்லும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று வாயால் சொல்வது வேறு, பில் சொல்வது வேறு.

டேப்பும் பென்சிலும் | 6 ஜூன், காலை 7.40

தண்ணீர். சிறுவாணி குடிக்க வருகிறதா, குளிக்கவும் வருகிறதா என்று கேளுங்கள். சமையலறையில் ஒரு குழாயில் மட்டும் சிறுவாணி விட்டுவிட்டு, பாத்ரூமுக்கு போர்வெல் தண்ணீர் விடும் இடம் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிப் போய் எல்லாக் குழாயிலும் முக்குங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை என்பது இந்தியத் தரம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஷவர் தலையைக் கழற்றி ஓட்டையில் வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா பாருங்கள், மீட்டர் பொய் சொன்னாலும் அது சொல்லாது.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாள். முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாள் உங்கள் பதினைந்துக்குள் விழும்படி தேதி வாங்குங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். ஆனால் அது எந்தெந்த பிளக்கை ஓட்டுகிறது? பல இடங்களில் ஒரு லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். பிரிட்ஜ் ஓடாவிட்டால் இன்சுலின் என்ன ஆகும்? 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருப்பவருக்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். அந்தச் சமயத்தில் செல்போன் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் குத்திப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மேற்குத்தொடர்ச்சி | 6 ஜூன், மதியம் 12.15

மலையடிவாரம் என்று சொல்லித்தானே விலை ஏற்றியிருப்பார்கள்? யானையையும் அதே விலையில் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் யானை இறங்குவது அதிசயமில்லை. வந்தால் விடிகாலை வாக்கிங் ரத்து. மயில் வேறு, காலை ஐந்துக்கே கத்தும். பார்க்க அழகு, காதுக்கு அலாரம்.

சீரியஸாக ஒன்று. கிருத்திகை, தைப்பூசத்தில் மருதமலைச் சாலை நகராது. ஆம்புலன்ஸுக்கு மாற்றுப் பாதை எது என்று செக்யூரிட்டியைக் கேளுங்கள். மேனேஜரைவிட அவருக்குத்தான் தெரியும்.

நைட் டியூட்டி | 6 ஜூன், இரவு 11.15

ஆம்! பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள். அதற்கு முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். "டை-அப் ஆஸ்பத்திரி 10 நிமிடம்" என்பார்கள். அங்கே ராத்திரி சி.டி. ஓடுகிறதா, நரம்பியல் மருத்துவர் உண்டா என்று அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஒருநாள் மாலை ஏழு மணிக்கு ஆட்டோவில் போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் எத்தனை நிமிடம் என்று தெரியும்.

நங்கநல்லூர் வாசகர் | 9 ஜூன், காலை 9.05

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டம்மா கேட்ட கேள்வி: "நாம ரெண்டு பேரும் இருக்கும்போது எந்த இடமும் நல்லாத்தான் இருக்கும். ஒருத்தர் போயிட்டா?" பதில் சொல்லத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை | 9 ஜூன், காலை 10.50

அம்மா கேட்டதுதான் இந்த இழையின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். இத்தனை நாள் நாங்கள் கயிறு, கம்பி என்று சுற்றிக்கொண்டிருந்தோம்.

பதினைந்து நாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் ஐந்து நாள் இருவரும். அடுத்த ஐந்து நாள் நீங்கள் மட்டும், அம்மா உறவினர் வீட்டிலோ சென்னையிலோ. கடைசி ஐந்து அம்மா மட்டும். டைனிங் ஹாலில் தனியாக ஒரு தட்டோடு நிற்பவரை யார் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள்? கணவன் மனைவியாக உட்காரும் மேசைகளுக்கு நடுவே தனியாள் மேசை ஒன்று இருக்கிறதா? பேச்சு தமிழிலா, ஆங்கிலத்திலா, ஹிந்தியிலா? கோவையில் வெளிமாநிலத்தவர் நிறைய உள்ள குடியிருப்புகள் உண்டு. சீட்டு விளையாடும் கும்பலும் பஜனைக் கும்பலும் இரண்டுமே பிடிக்காத ஒருவர் மாலை ஐந்து மணிக்கு என்ன செய்கிறார்? இருவராக இருந்தால் இது எதுவும் தெரியாது.

அதோடு ஒப்பந்தத்தில் இதைத் தேடுங்கள்: ஒருவர் இறந்தபின் பராமரிப்புக் கட்டணம் குறையுமா, முழுதுமா? சாப்பாடு ஒருவருக்கா, வீட்டுக்கா? மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போனால் சாப்பாட்டுக் காசு கழியுமா?

நைட் டியூட்டி | 9 ஜூன், இரவு 11.40

தனியாக இருக்கும் ஐந்து நாளில் ஒருநாள் காய்ச்சல் என்று சொல்லி அறையிலேயே படுங்கள். கஞ்சி வருகிறதா, சூடாக வருகிறதா, தட்டை எடுக்க எப்போது வருகிறார்கள், காலையில் காபிக்கு இறங்காதவரை யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று தெரியும். நடமாட்டம் குறைந்தவர்களுக்கான பகுதி தனியாக இருந்தால் அங்கே மாலை நாலு மணிக்குப் போங்கள். காலையில் எல்லாரையும் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். நாலு மணிக்கு மூத்திர வாடை அடித்தால் பகலில் ஆள் போதவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்கவே வேண்டாம், மூக்கு சொல்லிவிடும்.

இஞ்சி மொரப்பா | 10 ஜூன், காலை 6.30

கஞ்சிக்கு உப்புப் போடாமல் கேளுங்கள். பெரிய அண்டாவில் சமைக்கிற இடத்தில் உப்பில்லாமல் தனியாக எடுத்துவைக்க முடிகிறதா என்பதுதான் கிச்சனுக்குப் பரீட்சை. ரத்த அழுத்தக்காரருக்கு இது ருசி விஷயமில்லை.

முட்டை சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கேட்டுவிட வேண்டும். டைனிங் ஹால் சைவம் என்பது ஒன்று, அவரவர் வீட்டிலும் கூடாது என்பது வேறொன்று. முன்பணம் கட்டியபின் தெரிந்தால் சண்டைதான்.

நங்கநல்லூர் வாசகர் | 14 ஜூன், மாலை 5.20

தங்கிப் பார்த்துப் பிடித்தால் சென்னை வீட்டை விற்றுவிட்டு அங்கே வாங்குவதா? மகள் "வாடகைக்குப் போங்கள்" என்கிறாள். 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம்தானே?

டேப்பும் பென்சிலும் | 14 ஜூன், இரவு 7.00

வேண்டாம். 11 மாதம் என்றால் ஸ்டாம்ப் பேப்பர் போதும்.

கணக்குப்பிள்ளை | 14 ஜூன், இரவு 9.10

பழைய கணக்கு. தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு. வீட்டு வாடகைக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் சோதனைத் தங்கல் வாடகை இல்லை, அறைக்கு நாள் கணக்கில் கட்டணம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

மகள் சொல்வது சரி. தங்கிப் பார்ப்பது முதல் படி, ஒரு வருஷம் வாடகை இரண்டாம் படி, வாங்குவது அப்புறம். இன்னொருவரிடமிருந்து 60 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம் திரும்பி வராது. பிடிக்காமல் விற்கப் போனால் வாங்குபவர் வயது வரம்புக்குள் இருக்க வேண்டும், நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும், மாற்றுக் கட்டணமும் சில இடங்களில் உண்டு. பேரனுக்குப் போனால் அவன் அங்கே குடியிருக்கவும் முடியாது.

சென்னை வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் அந்த லாபத்துக்கு வருமான வரி விலக்கு, விற்றதற்கு ஒரு வருஷம் முன்போ இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்க வேண்டும். ஆனால் சில குடியிருப்புகள் வீட்டைக் கிரயம் செய்வதில்லை. பெரிய டெபாசிட் வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க இருக்கும் உரிமை மட்டும் தருகின்றன. அது வீடு வாங்கியது ஆகாது, விலக்கு கேட்டால் சிக்கல். கிரயப் பத்திரமா, குத்தகையா, டெபாசிட்டா என்று தெரியாமல் ஆடிட்டரிடம்கூடப் போகாதீர்கள்.

டேப்பும் பென்சிலும் | 15 ஜூன், காலை 7.30

வாடகைச் சட்டம் பற்றிச் சொன்னது என் தவறு, மன்னிக்கவும். நான் நிபுணன் கம்மோடு உயரத்தில் மட்டும்.

புது கட்டடமாக இருந்தால் தமிழ்நாடு ரெரா (கட்டுமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு எப்போது முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் வரும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று ரெராவில் இருக்கிறது. கிளப் ஹவுஸும் கிளினிக்கும் "அடுத்த கட்டத்தில்" என்றால், அந்தக் கட்டம் வரும்வரை நீங்கள் வாங்குவது வெறும் வீடு.

நங்கநல்லூர் வாசகர் | 12 ஜூலை, காலை 8.15

டிக்கெட் போட்டாயிற்று. ஆடி ஐந்தாம் தேதி, 21 ஜூலை. மருந்து ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். டேப், டி.டி.எஸ். பேனா, டார்ச், சார்ஜர். இங்கே கேஸ் வால்வு மூட வேண்டும், மேல்தொட்டி மோட்டார் சுவிட்ச் அணைக்க வேண்டும். வேறு ஏதாவது?

இஞ்சி மொரப்பா | 12 ஜூலை, காலை 8.40

பிரிட்ஜைக் காலி செய்து அணைத்தால் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், துண்டு ஒன்றை இடையில் மடித்துச் செருகி. மூடி வைத்தால் பதினைந்து நாளில் பூஞ்சை பிடித்து நாறும்.

நைட் டியூட்டி | 12 ஜூலை, இரவு 11.55

மருந்துச் சீட்டு, கடைசி ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். பெட்டிக்குள் வேண்டாம். கூடவே ஒன்று, இரண்டரை மணி சோதனையை அம்மா தனியாக இருக்கும் ஐந்து நாளில் வையுங்கள், அவர்கள் கையால். நீங்கள் இழுத்தால் அம்மாவுக்குப் பழக்கமாகாது.

நங்கநல்லூர் வாசகர் | 13 ஜூலை, காலை 6.20

சொன்னேன். "இரண்டரைக்கு என்னை யார் எழுப்புவா?" என்கிறாள். அலாரம் வைத்துக் கொடுக்கிறேன்.